தேவாரத்தில் ஒதுக்கி வைத்த சோறு

எண்பத்தொன்றாம் வருஷமோ எண்பத்திரண்டோ, சரியாக நினைவில்லை. மலையில் ஏலக்காய் எடுப்பு முடிந்து, போடியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயம். எனக்கு அப்போது வயது முப்பத்தைந்து இருக்கும். உடம்பு மட்டும் இரண்டு பேருக்கானது.

குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து ஏறித்தான் போக வேண்டும். நான் பாதி ஏறுவதற்குள் கூட வந்த பெண்கள் உச்சிக்குப் போய் வெற்றிலை போட்டுத் துப்பியும் முடித்திருப்பார்கள். ஜீப்பில் எனக்கு எப்போதும் முன்சீட்டுதான். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். "அக்கா பின்னால உக்காந்தா ஏத்தத்துல முன்சக்கரம் தூக்கிரும்" என்பான் டிரைவர். அந்த டிரைவர் என் சொந்தத் தம்பி. அப்பா, அம்மா போன பிறகு நான் எடுத்து வளர்த்தவன்.

முட்டிவலி தாங்காமல் போடியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். சோறு, இட்லி, தோசை, சீனி, கிழங்கு, பழம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கறி, முட்டை, வெண்ணெய், நெய், தேங்காய் இதெல்லாம் வயிறு நிறையச் சாப்பிடலாமாம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று கேட்டு வளர்ந்தவள் நான். கொழுத்தவளுக்குக் கொழுப்பு என்பதை அன்றுதான் கேட்டேன். கசப்பு மருந்து கொடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். நெய்யை மருந்தாகக் கொடுக்கிறவரை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

கறிக்கடை பாய்க்குத்தான் புரியவில்லை. "எல்லாரும் கொழுப்பத் தள்ளிட்டுப் போடு பாய்னு சண்டைக்கு வருவாக. கொழுப்பப் போடுன்னு கேக்குற ஒரே ஆளு நீங்கதாங்க்கா" என்றார். என் வீட்டுக்காரர் ஒருநாள் கோழிக்கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, நரி கிரி வருதா?" என்றார். "வருது, சேல கட்டிக்கிட்டு வருது" என்றேன்.

முதலில் கொஞ்ச நாள் தலைவலி. சோறு வடிக்கிற வாசனை வந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தெருவில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை, அதனால்தான் சோறு தின்னமாட்டேன் என்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் உடம்பு இறங்கியது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. பிடித்துத் தைத்தேன். மறுபடியும் தொளதொளத்தது, மறுபடியும் பிடித்துத் தைத்தேன். என் தையல் எப்படி என்றால், மலைரோடு மாதிரி வளைந்து வளைந்து போகும்.

இந்தச் சமயத்தில்தான் தம்பிக்குத் தேவாரம் என்கிற ஊரில் ஒரு பெண் அமைந்தது. அதற்கு முன்னால் பேசிய இடங்களெல்லாம் கைநழுவிப் போயின. மலைரோட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெண் கொடுத்தால், மகள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமே என்று பயம். இந்த வீட்டில் மட்டும் பயப்படவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்குத் தம்பி, கொண்டை ஊசி வளைவில் பார்க்கிற மாதிரி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தான். அதற்குப் பிறகு ஜீப்பைத் தினமும் கழுவினான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பேசி முடிக்கிற நாள் வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். அதாவது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால், வாய் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சம்மதமில்லை. அம்மா இல்லாததால் அந்த இடத்தில் உட்கார வேண்டியவள் நான், என் கைதான் கணக்கு.

நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். அவித்த முட்டை, வறுவல், உருக்கின நெய். டாக்டரம்மாவே வந்து சமைத்த மாதிரி இருந்தது. பெண்ணின் அப்பா தன் கையாலேயே சோறு போட்டார். "ஆனை மிச்சம் வச்ச நெல்லும்மா. பாதி வயல மிதிச்சிருச்சு. இத நல்ல காரியத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தோம்" என்றார். காதில் விழுந்தது. ஆனால் கண் தொடைக்கறியில் இருந்தது.

சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். கோழியைத் தின்றேன். முட்டையைத் தின்றேன். நெய்யைக் கறிமேல் ஊற்றித் தின்றேன். நல்ல குழம்பு என்று வாயாரச் சொன்னேன். எங்களோடு வந்த ஆண்கள் எல்லாரும் சோறு சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கப் போகும்போதுதான் வீடு அமைதியாகிவிட்டதைக் கவனித்தேன். அடுப்படியில் பெண்ணின் அம்மா பாயசப் பாத்திரத்தை மூடிவிட்டு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெண்ணுக்கு ஒரு அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். அவர்தான் வாயைத் திறந்தார். "ஏத்தா, எங்க கோழி இனிச்சுச்சு, எங்க சோறு மட்டும் கசந்துருச்சாக்கும்?"

"ஐயோ அதில்ல. உடம்பு எளைக்கணும்னு டாக்டரம்மா சோறு திங்கக்கூடாதுன்னு சொல்லிருக்காக."

"நெய்ய ஊத்திக் குடிக்கிறியே?"

"நெய் குடிச்சாத்தான் எளைக்குமாம்."

சொல்லும்போதே தெரிந்தது, உலகத்தில் இதைவிட மோசமான பொய் இல்லை என்று. உண்மைக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"கேட்டியாடா, நெய்யத் தின்னு எளைக்கிறாளாம்! ஆனை கரும்பத் தின்னு எளைச்ச கதையால்ல இருக்கு! புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்கத்தா. எங்க பிள்ளைய எதுக்கு எளக்காரம் பண்றீக?"

"கைதான் நனைஞ்சிருச்சே" என்று முழங்கை வரை வழிந்த குழம்பைக் காட்டினேன்.

"கறியில நனைஞ்சா விருந்து. சோத்துல நனைஞ்சாத்தான் சம்பந்தம்."

பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கவில்லை, என் இலை ஓரத்தில் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தலை குனிந்து, கழுவாமல் காய்ந்துபோன கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது உள்கதவுப் பக்கமிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "அத்த, மதினி சொல்றது நெசந்தான்."

எல்லாரும் திரும்பினோம். மதினி என்றால் புருஷனின் அக்கா. இன்னும் தாம்பூலம்கூட மாற்றவில்லை. தம்பியின் தலை தானாக நிமிர்ந்தது.

"ஒனக்கெப்படிடி தெரியும்?"

"ரவிக்கையப் பாருங்க. ரெண்டு தடவ புடிச்சுத் தச்சிருக்காக. பழைய தையலும் தெரியுது, புதுத் தையலும் தெரியுது. பெருத்தவுக பிரிச்சு விடுவாக. எளைச்சவுகதான புடிச்சுத் தைப்பாக?"

அத்தை எழுந்து வந்தார். என் விலாப்பக்கம் குனிந்து, சந்தையில் மாடு வாங்க வந்தவர் மாதிரி சுற்றிப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவமானமெல்லாம் அந்த நேரத்தில் தெரியாது. பார்த்து முடித்து, "தையல் ரொம்பக் கேவலமாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "சரி, எளைச்சது நெசமாவே இருக்கட்டும். சோறு அப்படியே கெடக்குல்ல?" என்றார்.

உட்கார்ந்தேன். ஒதுக்கியதைத் திரும்ப இழுத்தேன். அந்தப் பெண்ணே வந்து குழம்பு ஊற்றியது. ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தேன். அத்தனை நாள் கழித்துச் சோறு. ஒரு பிடியோடு நிறுத்துவதாகத்தான் இருந்தேன், சத்தியமாக. ஆனால் ரசம் வந்தது. பிறகு மோர் வந்தது. கடைசியில் அத்தையே, "போதும்த்தா, கல்யாணத்துக்கும் கொஞ்சம் நெல்லு வேணும்" என்று இலையை எடுக்கச் சொன்னார். அடுப்படியில் பாயசப் பாத்திரத்தைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதையும் விடவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா முறைத்தார். "சோறு சாப்பிட்டீங்களா?"

"ஆமாங்க. ஒரு கல்யாணம் அளவுக்கு."

மறுநாளே மறுபடி நெய்க்குத் திரும்பினேன். மூன்றாவது தடவை ரவிக்கை தொளதொளத்தபோது பிடித்துத் தைத்தது என் தம்பி பெண்டாட்டி. நேராக, ஒரே கோட்டில் போட்டது. என் பழைய தையல் இரண்டையும் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "அது இருக்கட்டும் மதினி, அதுதான என் கல்யாணத்த முடிச்சு வச்சது" என்று சிரிக்கும்.

அதற்குப் பிறகு உடம்புக்காக எதையெதையோ விட்டேன், பிடித்தேன். ஆனால் யார் வீட்டில் இலை போட்டாலும் முதல் பிடியை மட்டும் மறுத்ததே இல்லை. முதல் பிடி, போட்டவருக்கு. நம் உடம்பு, நம் டாக்டர், நம் பிடிவாதம் எல்லாம் இரண்டாவது பிடியிலிருந்துதான்.