ராஜா தூங்கும் சுவர்

வரலாற்றுக் கதை சொல்லி யூடியூபில் பெயர் வாங்கியவன் நான். மரக்காணம் உப்பளத்தின் நடுவே நிற்கும் பழைய செங்கல் சுவரைக் காட்டி, "இதன் அடியில் ஓர் அரசன் உறங்குகிறான்" என்று ஒரு வீடியோவில் முழங்கினேன். வெறும் ஊகம். 'இதற்கு ஆதாரம் கிடையாது' என்று பேசிய வரியை, விறுவிறுப்பு குறைகிறதென்று எடிட்டிங்கில் நானே வெட்டித் தள்ளினேன்.

போன மாதம் மறுபடியும் படம் எடுக்கப் போனேன். உச்சி வெயில். உப்பு வாரும் பெண்கள் வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நிழல் என்றால் சுவரோரம் மட்டும்தான். அங்கே ஒருவரும் இல்லை. சுவரில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது.

"நிழலை விட்டுட்டு ஏம்மா வெயில்ல?"

"ராஜா தூங்குறாருன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அவரு தலைமாட்டுல எச்சில் கை கழுவலாமா?" என்றார் ஒரு அம்மா.

நான் கேமராவைக் கீழே இறக்கினேன். "அது என் கற்பனைம்மா. அங்க யாரும் இல்ல. போய் நிழல்ல உக்காருங்க."

அவர் சிரித்தார். "வீடியோவுல அவ்ளோ உறுதியா சொன்னீங்க. இப்ப நாங்க வெயில்ல காயறோமேன்னு மாத்திச் சொல்றீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சுவரைப் பற்றி நான் அவர்களிடம் சொன்ன ஒரே உண்மை, அது என் கற்பனை என்பதுதான். அதை மட்டும் யாரும் நம்பவில்லை.