காலிச் சத்தம்

மேஸ்திரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னவன் அவருடைய மச்சினன்தான். சொந்தக்காரனே சொன்ன பிறகு தெரு சும்மா இருக்குமா? டைல்ஸ் பதித்துப் பதித்தே முட்டி தேய்ந்த மனிதர், ஐம்பதைத் தாண்டிய பிறகு, இரண்டு கையாலும் இரண்டு கூடைப்பந்துகளைத் தட்டிக்கொண்டே மாரத்தான் ஓடப் போகிறேன் என்றால் வேறு என்னதான் சொல்வார்கள்? 'ரெட்டைப் பந்து' என்று பெயரும் விழுந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆரம்பம் என்னவோ சாதாரணம்தான். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் தரை மாற்றும் வேலை. சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்த நேரத்தில், மூலையில் கிடந்த இரண்டு பந்துகளை எடுத்துத் தட்டிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மண்டியிட்டுக் கிடந்த ஆளுக்கு, நிமிர்ந்து நின்றபடி தரையைத் தட்டுவது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வருஷா வருஷம் நடக்கிற மாரத்தானில் இதுவரை யாரும் இப்படி ஓடியதில்லை என்று தெரிந்ததும் முடிவே கட்டிவிட்டார். நடத்துகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பந்தைப் பிடிக்கவே கூடாது; கை தவறி உருண்டால், விட்ட இடத்துக்கே திரும்பி வந்து தொடர வேண்டும்.

விடிகாலையில் பயிற்சி. "ஊர் சிரிக்கிறது போதாதா, இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று அவர் மனைவி திட்டினாள். திட்டிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். அந்தம்மாவின் சுபாவமே அப்படித்தான். பெரிய சாலைக் கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அவள் உட்கார்ந்துகொள்வாள். அவர் சுற்றிச் சுற்றி ஓடி வருவார்.

அந்தத் தொட்டியருகில்தான் முதன்முதலாக அது கேட்டது.

டைல்ஸ் வேலை முடிந்ததும் ஒவ்வொரு கல்லாகச் சுத்தியல் பிடியால் தட்டிக் கேட்பது வழக்கம். அடியில் கலவை முழுசாகப் பிடித்திருந்தால் கெட்டிச் சத்தம் வரும். எங்காவது காற்று தங்கியிருந்தால் காலிச் சத்தம். காலியாக ஒலிக்கிற கல் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு உடையும், அதில் சந்தேகமே இல்லை. மேஸ்திரிக்கு அந்தச் சத்தம் கேட்டால் பிடரி சில்லிட்டுவிடும். இரண்டு பந்தோடு ஓடும்போது குனிந்து பார்க்க முடியாது, காதை நம்பித்தான் ஓட வேண்டும். தொட்டியை நெருங்கியதும் இரண்டு பந்தும் காலியாக ஒலித்தன. தாண்டியதும் கெட்டியாகிவிட்டன.

"ரோட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு," என்றார்.

"உங்க மண்டைக்குள்ளதான் ஒண்ணுமே இல்ல. தண்ணியக் குடிங்க," என்றாள் அவள்.

கொஞ்ச நாளில், மூச்சு வாங்குகிறது, தொட்டி வரைக்கும் நடக்க முடியவில்லை என்று அந்தம்மா பாதி வழியிலேயே, மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க் வாசலில் உட்கார ஆரம்பித்தாள். வயசாகிறதில்லையா என்று அவரும் விட்டுவிட்டார். அவர் கவலையெல்லாம் வேறு. தொட்டிப் பக்கம் சாலை கெட்டியாகிவிட்டது. இப்போது பங்க் வாசலில் காலிச் சத்தம். அப்படியானால் அடியிலிருக்கும் அந்தப் பொந்து நகர்கிறது. நகர்ந்து வீட்டுப் பக்கம் வருகிறது. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்பது தெரிந்துதான் மச்சினனிடம் போய் நின்றார். அவன் சாலைத் துறையில் மேற்பார்வை வேலை பார்க்கிறவன்.

கேலி பேசினாலும் மச்சினன் நல்லவன். பங்க் வாசலில் ஆளை விட்டுத் தோண்டிக் காட்டினான். "பாருங்க மாமா, கடப்பாரையே எகிறுது. இதுக்கு மேல கெட்டியா மண்ணு எங்க இருக்கு?" என்றான். மேஸ்திரி குழிக்குள் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அவன் சொன்னது சரிதான், இறுகிப்போன செம்மண். வெளியே ஏறி, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற மனைவிக்குப் பக்கத்தில் பந்தை ஒரு தட்டு தட்டினார். வெறும் பானையைத் தட்டியது போல ஒலித்தது. தோண்டியவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அது தெருமுனைக்கு வந்தது. அப்புறம் வீட்டு வாசலுக்கு. அந்தம்மாவுக்கு வாசற்படி தாண்டினாலே இளைத்தது, நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அவரோ ராத்திரியெல்லாம் கண்ணை மூடாமல் தரையைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். ஒருநாள் மத்தியானம் கூடத்துக்குள்ளேயே அந்தச் சத்தம் கேட்டது. தன் கையால் பதித்த தரை என்றுகூடப் பார்க்காமல், உளியும் சுத்தியலும் எடுத்து உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த வீட்டுல மனுஷி இருக்க முடியாது," என்று அழுதுகொண்டே அந்தம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

உடைத்த கல்லுக்கு அடியில் கலவை பாறை மாதிரி இருந்தது. மேஸ்திரி பந்தை எடுத்துத் தட்டினார். கெட்டி. மூலைக்கு மூலை தட்டினார். படுக்கையறை, சமையலறை, எல்லாம் கெட்டி. போயே போய்விட்டது என்று, உடைந்த சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

பொழுது சாய்ந்ததும் கோபம் தணிந்து அவள் திரும்பி வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அவர் விளையாட்டாகப் பந்தை ஒரு தட்டு தட்டினார்.

காலி.

"எந்திரிம்மா. அந்த ஜன்னல் பக்கம் போய் நில்லு," என்றார். அவள் நகர்ந்தாள். ஸ்டூல் இருந்த இடம் கெட்டியாகிவிட்டது. ஜன்னலுக்குப் போய்த் தட்டினார். காலி. கதவருகே போகச் சொன்னார். சத்தமும் கூடவே போயிற்று. டைல்ஸ்காரனுக்குக் குறை எப்போதும் கல்லுக்கு அடியில்தான் இருக்கும். கல்மேல் நிற்கிற ஆளை அவன் எங்கே பார்க்கிறான்? தொட்டிச் சுவர், பங்க், தெருமுனை, வாசல். எல்லாமே அவள் உட்கார்ந்த இடங்கள்.

மறுநாளே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். பந்து விஷயத்தை எந்த வாயால் சொல்வது? மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொன்னார். பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஓட்டமே வேண்டாம் என்று மேஸ்திரி பந்துகளைப் பரணில் போட்டார். அந்தம்மா மச்சினனிடம் சொல்லி அவற்றை இறக்க வைத்தாள்.

"ஊரே சிரிச்சாச்சு. ஓடாம நின்னா அதுக்கும் சிரிக்கும். போய் ஓடுங்க. முடியிற இடத்துல நான் நிப்பேன்," என்றாள்.

ஓடினார். மாரத்தான் அன்றைக்கு, அவளை விட்டு விலகி ஓடிய அந்தத் தூரம் முழுக்க சாலை கெட்டியாகவே இருந்தது. கடைசி வளைவு திரும்பியதும் காதைத் தீட்டிக்கொண்டார். மாதக்கணக்காக எந்தச் சத்தத்துக்குப் பயந்தாரோ, அதே சத்தம் வராதா என்று ஏங்கினார். வரவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டினார். கூட்டம் கைதட்டியது. யாரோ மாலை மாதிரி எதையோ கழுத்தில் போட்டார்கள். மேஸ்திரி நிற்கவில்லை. தடுப்புக் கம்பியை ஒட்டி, முகம் முகமாகப் பார்த்தபடி, பந்துகளைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டி. கெட்டி. சந்தோஷத்தில் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை என்று எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டியதும் வலது பந்து மாறியது. பிறகு இடதும். எதிரே முதலுதவிக் கூடாரம். உள்ளே தரையில் கிடத்தியிருந்தார்கள் அவளை. ஒரு நர்ஸ் அவள் மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா போயிட்டா மாமா," என்று மச்சினன் காலைக் கட்டிக்கொண்டான்.

"போகல," என்றார் மேஸ்திரி. பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஐயா, அதை நிறுத்துங்க முதல்ல," என்றாள் நர்ஸ், தலை நிமிராமல்.

அவர் நிறுத்தவில்லை. காலி. காலி. காலி. பிறகு ஒரு தட்டு கெட்டியாக விழுந்தது. அடுத்ததும் கெட்டி. அவள் இல்லாத இடத்தில்தான் கெட்டிச் சத்தம் வரும். கை மட்டும் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அவர் முனகியது மச்சினனுக்குக் கேட்டதாம். அதற்கடுத்த தட்டு மறுபடி காலியாக ஒலித்தது.

"வந்துருச்சு. துடிப்பு வந்துருச்சு," என்றாள் நர்ஸ்.

இப்போது அந்தம்மாவின் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இதயம் தூங்கிப்போனால் அது தட்டி எழுப்புமாம். நன்றாகத்தான் நடமாடுகிறாள், நன்றாகத்தான் திட்டுகிறாள். கூடத்துத் தரையைப் புதிதாகப் பதித்தாயிற்று. மேஸ்திரி ஓடுவதில்லை. ஆனால் தினமும் விடிவதற்கு முன்னால், ஒரு பந்தை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலருகே போய் நிற்கிறார். மெதுவாக ஒரே ஒரு தட்டு தட்டுகிறார்.

"மனுஷியத் தூங்க விட மாட்டீங்களா?" என்று அவள் புரண்டு படுக்கிறாள்.

காலியாகக் கேட்ட பிறகுதான் அவர் போய் அடுப்பைப் பற்றவைக்கிறார்.