சஹனில் ஆறாவது கை

வந்திறங்கிய அன்றே தங்கையின் கணவர் எங்கள் தயிர்ச் சட்டியைத் தூக்கிப் பார்த்தார். மேலே பார்த்தார், அடியில் பார்த்தார்.

“இதில திகதி இல்லையே.”

“தயிருக்கு ஜாதகமா பாக்கப்போறீங்க? மோந்து பாருங்க, அதுவே சொல்லும்,” என்றாள் என் மனைவி.

மோந்து பார்க்கவில்லை. சட்டி குப்பைக்குப் போயிற்று.

அவர் பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்ததும் உழைப்பதும் ஜெர்மனி. அங்கே பெரிய உணவுக் களஞ்சியம் ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. வளைந்த கரட், தழும்பு விழுந்த ஆப்பிள், நாள் நெருங்கிய பால் எல்லாம் அவர் விரல் அசைந்தால் தொட்டிக்குள். நோயை வாசலிலேயே மறிக்கிற கண் அது. அதைப் பழிக்க மாட்டேன். ஆனாலும் தயிருக்காக மனம் ஆறவில்லை. அதைவிட மறுநாளை நினைத்துத்தான் பயம்.

மறுநாள் எங்கள் கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் நண்பரின் மகனுக்குக் கல்யாணம். நண்பர் அந்த ஊர்க் கடைக்காரர், பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோளில் கை போட்டவர். நாங்கள் கத்தோலிக்கர், அவர் முஸ்லிம். அவர் வீட்டு விருந்தில் ஒருநாளும் என்னை வேற்றாளாக உட்கார வைத்ததில்லை. “மச்சானக் கூட்டிட்டு வராட்டி நீயும் வராதே,” என்று சொல்லியிருந்தார்.

பெண்கள் உள்ளே போக, நாங்கள் ஆண்கள் பக்கம் அமர்ந்தோம். சஹன் வந்தது. அகன்ற ஒரே தட்டு, மலையாக நெய்ச்சோறு, மேலே கோழி. சுற்றி ஆறு பேர்.

“எல்லாரும் ஒரே தட்டிலயோ, மச்சான்?” தங்கையின் கணவர் என் காதோரம் கேட்டார்.

“ஓம்,” என்றேன், அவர் பாஷையிலேயே.

“எனக்கு வேற கோப்பை ஒண்டு எடுக்கேலாதோ?”

தனித் தட்டு எடுக்கலாம்தான். ஆனால் சஹனைவிட்டு விலகுகிற கை, பசியில்லை என்று சொல்லாது. உங்களோடு உண்ண மனமில்லை என்று சொல்லும். நண்பர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவ இருந்த இடத்துக்கே தண்ணீர் வந்தது. மூடி உயர்ந்தது, ஆவி முகத்தில் அடித்தது. ஐந்து கைகள் சோற்றில் இறங்கின. ஆறாவது மடியிலேயே கிடந்தது.

எதிரே இருந்த மிளகு வியாபாரி கோழியைப் பிய்த்து, நல்ல தொடையாகப் பார்த்து மச்சான் முன்னால் வைத்தார். “என்ன தம்பி யோசின? கோழிட பாஸ்போட்டயும் பாக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தார், தொழில் கண்ணால். நானும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். ஒவ்வொரு கையும் தன் முன்னால் இருந்த சோற்றை மட்டுமே குழைத்தது. இடையில் வரப்புப்போலத் தொடாத சோறு, யாரும் தாண்டவில்லை. கோடு போடாத கணக்கு, காவல் இல்லாத எல்லை. எத்தனை வருடமாக இதில் உண்கிறேன், இன்றுதான் கண்டேன். என் ஊர், என் ஊர் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மெல்ல ஆறாவது கை எழுந்தது. தன் பக்கத்துச் சோற்றைத் தொட்டது. வாசலில் நண்பர் மற்ற விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

கண்டியில் எதுவும் வீணாவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஹோட்டல்களின் பின்வாசல் தொட்டிகளை நானும் பார்த்தவன். ஆனால் சஹனில் கடைசித் துண்டை யாரும் தனக்கென்று எடுப்பதில்லை, அடுத்தவர் பக்கம் தள்ளுவார்கள். அன்றும் அது கை கையாகச் சுற்றி மச்சானிடம் போய் நின்றது. அவர் அதை இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதி என் பக்கம், மறுபாதி மிளகு வியாபாரி பக்கம்.

“மாப்புளட வாப்பா!” வியாபாரி வாசலில் நின்ற நண்பரைப் பார்த்துக் கத்தினார். “இவர் எங்கட ஆள்தான்!”

தட்டில் எலும்பு மட்டும்தான் மிச்சம். விரலை வழித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார் தங்கையின் கணவர்.

“எறியிறதுக்கு ஒண்டும் இல்லையே, மச்சான்,” என்றார், வேலை பறிபோனவர் போல.