ஜமால் பாயும் கால்நடைப் பாதையும்

எட்டு மணி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் பள்ளிவாசல் மைக்கில் யாரோ இறந்துபோன மௌத்துச் செய்தி சொன்னார்கள். பெயர் சொல்கிற நேரத்தில் ஒரு லாரி போனது. திரும்பச் சொன்னபோது இன்னொரு லாரி. பஸ் வந்து நின்றதும் கண்டக்டர்தான் படியில் நின்றபடி கேட்டார்: “என்னாங்க ஆயா, சந்தைக்குக் கெளம்பிட்டீங்க? உங்க ஜமால் பாய் போயிட்டாராமே, சேதி தெரியாதா?”

தருமபுரி ஆஸ்பத்திரியில் நான்கு நாளாக இருந்தார் என்று தெரியும். நெஞ்சு வலி, சரியாகிவிடும் என்றார்கள். நான் பஸ் ஏறவில்லை. தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாயிடம் பழகியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியூரில் ஒரு நகராட்சியில் ரோட்டுக்கும் சாக்கடைக்கும் வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடத்தூர்ப் பக்கம் எங்கள் மேட்டுத் தெருவில் மனை வாங்கி வீடு கட்டினார். அவர் குடிவந்த மறு வருடம் புறவழிச்சாலை வேலை தொடங்கியது. சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், அவர்கள் அடக்கம் செய்கிற மையவாடி எல்லாம் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். ஐந்து நிமிடம் நடந்து போன இடத்துக்கு, நடுச்சுவர் எழும்பிய பிறகு, கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பி அதே தூரம் வர வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் சுவர் ஏறிக் குதித்தோம். அறுபது வயதுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஏறியிருக்கிறேன். கூடை இருக்கிற நாளில் சுற்றிப் போகிற பஸ்தான்.

சுவர் எழும்புவதற்கு முன்பே, மண் கொட்டிய நாளிலேயே, பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைவிட ஆறு வயது பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, கூடையைத் தலைல வச்சிக்கிட்டு சந்தை வரைக்கும் நடங்க. நான் பின்னாலயே வர்றேன்.”

“எதுக்குங்க பாய், ஊரு சிரிக்கவா?”

“டேப்பு புடிச்சா தூரம் தெரியும். மூச்சு வாங்கறது தெரியாது. நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க நான் புள்ளி வைப்பேன்.”

மூன்று இடத்தில் நின்றேன். மூன்று இடத்திலும் புள்ளி வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பெரிய தாளில் படம் போட்டுக் கொண்டுவந்தார். ரோட்டுக்கு அடியில் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு ஒரு வழி. படிக்கட்டு ஓரமாக சைக்கிள் உருட்ட ஒரு சரிவு. அந்தப் பக்கம் ஏறினால் நேரே பஸ் நிறுத்தம், நிழலுக்குப் புங்க மரம். நான் நின்ற மூன்று இடத்திலும் உட்கார ஒரு திண்டு. “எறங்குற பஸ்ஸுலருந்து ஏறுற பஸ்ஸு கண்ணுக்குத் தெரியணும்க்கா. அதுதான் ஊரு” என்றார். என் கால் நின்ற இடம் ஒரு படத்தில் ஏறியதில் எனக்கு அன்றைக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினேன்.

பஸ் விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் டவுன் பஸ் போய்ச் சேர்வதற்கு நான்கு நிமிடம் முன்னால் தருமபுரி பஸ் எடுத்துவிடும். பாய் பதினைந்து நாள் இரண்டு பஸ்ஸிலும் மாறி மாறிப் போய், டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஐந்து நிமிடம் காத்திருக்க வைத்தார். ஆறு மாதம் நடந்தது. டிரைவர் மாறினார், அதோடு போனது. “எழுத்துல இல்லாதது நிக்காதுக்கா” என்றார். அதனால்தான் ரோட்டுக்கு அடியில் வழி கேட்பதை முறையாக மனு எழுதிக் கொடுக்க முடிவு செய்தோம்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது.

மனுவைப் பாய் எழுதினார். என் கையெழுத்து அழகு என்று தெருவில் சொல்வார்கள், அதனால் நல்ல தாளில் எழுதும் வேலை எனக்கு வந்தது. அவர் ‘பாதசாரிகள் சுரங்கப்பாதை’ என்று எழுதியிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

“பாதசாரின்னா யாருங்க பாய்? சாமியாரு மாதிரி இருக்குது.”

“நடந்து போறவங்கக்கா.”

“அதுக்கு நல்ல தமிழ் இருக்குது. கால்நடையாப் போனாங்கன்னு அஞ்சாவது பாடத்துலயே வரும். கால்நடைப் பாதைன்னு போடலாம்.”

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். “உங்க மனு, உங்க கால். போடுங்க” என்று சிரித்தார். நான் போட்டேன். நான்கு இடத்தில், பெரிய எழுத்தில், அடிக்கோடும் இழுத்து.

இரண்டு மாதம் கழித்துப் பையும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஆபீஸிலிருந்து ஒருவர் தெருவுக்கு வந்தார்.

“ஏம்மா, இந்தத் தெருவுல மாடு எத்தினி? ஆடு எத்தினி?”

“எதுக்குங்க?”

“கால்நடைக்குப் பாதை கேட்டிருக்கீங்களே. எத்தினி உருப்படின்னு எழுதணுமே.”

பாய் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று மாலையே திருத்த மனு எழுதினார், மனு வாங்குகிற திங்கட்கிழமை தவறாமல் ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனார். கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது, மறுபடி மாற்ற முடியாது என்றார்கள். கால்நடைப் பாதை வந்தது. ஐந்தடி உயரம். ஒரு மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். மாடு நிமிர்ந்து போகிறது. நாங்கள் குனிந்து போகிறோம்.

டீக்கடையில் ஒருவன் கேட்டான்: “பாய், எங்களுக்கு வழி கேக்கப் போயி மாட்டுக்கு வாங்கிட்டு வந்துட்டீங்களே! படிச்ச ஆளு எழுதுன லச்சணமா இது?”

நான் அங்கேதான் நின்றிருந்தேன். பாய் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “என் தமிழு அவ்வளவுதாம்ப்பா. மாடாவது போவுதே, விடு” என்றார். அன்றிலிருந்து அவருக்கு மாட்டுப் பாய் என்று பெயர். பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். நான் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. படிக்காதவள் என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். பேத்தி கவிதா என் எழுத்தைக் காட்டித்தான் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசுவாள்.

அந்தக் கவிதாவுக்கு இந்த வருடம் அரசாங்க சைக்கிள் கிடைத்தது. பதினொன்றாம் வகுப்பு, கணக்கில் முதல் மார்க்கு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அவள் ஒரு வாரம் அந்தப் பாதையில் குனிந்து சைக்கிளை உருட்டிப் போனாள். எட்டாம் நாள் மழை. சேற்றில் விழுந்து, பையோடு புத்தகத்தோடு நனைந்து வந்தாள். “ஆயா, எனக்கு இந்த சைக்கிளே வேணாம், சுவத்துலயே ஏறிப் போறேன்” என்றாள். சைக்கிள் கோணி போர்த்தி நிற்கிறது. அவள் தினமும் சுவர் ஏறுகிறாள். அவள் திரும்பி வரும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை.

அதையும் பாயிடம் போய் அழுதேன். “நான் போட்ட சொல்லால வந்த வினைங்க பாய்.”

“அக்கா, சரியா எழுதியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க. மாட்டுக்குன்னு நெனச்சதாலதான் இதாவது வந்துச்சு” என்றார். அது எனக்காகச் சொன்ன ஆறுதலா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா, இன்றுவரை தெரியவில்லை. உண்மை என்றால் அது இன்னும் கொடுமை.

நான் பஸ் ஏறாமல் உட்கார்ந்த அன்று பகல் ஆஸ்பத்திரியிலிருந்து மையித்து, அவர் உடல், வீட்டுக்கு வந்தது. அவர்கள் வழக்கம், சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து நடந்தே கொண்டுபோவார்கள். தோள் மாற்ற ஊரே வந்திருந்தது. எங்கள் தெரு ஆண்களும் தோள் கொடுத்தார்கள். மையவாடி நேர் எதிரே, இங்கிருந்து பார்த்தால் வேப்ப மரம் தெரியும். பாதை வாசலுக்குப் போனதும் நின்றுவிட்டார்கள். தோளில் வைத்தால் சந்தூக்கு நுழையாது. கையில் தொங்கவிட்டுக் குனிந்து போகலாம் என்றார் ஒருவர். உள்ளே முந்தின நாள் மழைத் தண்ணீர். அவர் மருமகன், “மாமாவைத் தண்ணியில இழுத்துக்கிட்டா போறது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி நின்று அழுதார். சுவருக்கு மேலே தூக்கிக் கொடுக்கலாமா என்றுகூட யாரோ கேட்டார்கள். கடைசியில் தக்காளி ஏற்றுகிற ஒரு வண்டியைக் கூப்பிட்டு, கழுவி, அதில் ஏற்றினார்கள். கிழக்கே போய்த் திரும்பி அந்தப் பக்கம் வந்தது வண்டி. கூட நடந்த வயதானவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் வழி கேட்ட மனுஷனுக்குத் தோளில் போக வழியில்லை.

கூட்டத்தில் ஒருவன் அப்போதும் சொன்னான்: “அவரு எழுதி வாங்குன பாதை, அவருக்கே ஆவுல.”

அன்றைக்கும் நான் பேசவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அந்தப் பாதை மாறாது. திரும்ப மனு எழுத எங்களில் ஆளில்லை, எழுதினாலும் படிக்க அங்கே ஆளிருப்பதாகத் தோன்றவில்லை. அவர் போட்ட அந்தப் பாதைப் படத்தை அவர் மகள் எனக்குத் தர வந்தாள். நான் வாங்கவில்லை, அவள் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று விட்டேன். பாய் விட்டுப்போனதில் எனக்குச் சேர வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லை எழுதியது நான். அவரை இனி யாரும் மாட்டுப் பாய் என்று சொல்ல வேண்டாம். அந்தப் பெயரை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.