கையைத் தூக்கிய நிமிடம்

சிங்கப்பூரில் எங்கள் வட்டார நகர மன்றத்தின் ஒப்பந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அடுக்குமாடிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை யாருக்குத் தருவது என்று அன்று முடிவெடுக்க வேண்டும்.

"சொந்தக்காரங்க கம்பெனி ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்று வழக்கம்போலத் தலைவர் கேட்டார்.

திரையில் இருந்த விண்ணப்பப் பட்டியலில் என் மச்சானின் கம்பெனிப் பெயர். முந்தின வாரம்தான் தேக்காவில் எனக்குப் பிரியாணி வாங்கித் தந்தான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எதிரே இன்னோர் உறுப்பினரான ஸ்டெல்லா அக்கா வேறு. தப்பு என்றால் யாரையும் விடமாட்டார். கையைத் தூக்கினேன்.

"சரி, நீங்க வெளிய இருங்க."

நான் வெளியே வந்ததும் பின்னாலேயே ஸ்டெல்லா அக்காவும் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என் மருமகன் கம்பெனியும் இருக்கு. நீங்க கையத் தூக்கலன்னா நான் வாயே திறந்திருக்கமாட்டேன்லா."

நானும் பேசாமல் இருந்துவிடத்தான் பார்த்தேன்; அவருக்குப் பயந்துதான் கையைத் தூக்கினேன். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.