காணாமல்போன டேக்கைத் தேடி ஆம்பூர் வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போய் வந்தேன். பிரியாணிக்காகத்தான் என்று நினைத்து வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், அதுவும் இருக்கிறது. நான் போனது, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் விற்றுத் தொலைத்த ஒரு ஜாஸ் இசைத்தட்டைத் திருப்பிக் கேட்பதற்கு.

பழைய வாசகர்களுக்குக் கதை தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தனியாக இருந்த காலத்தில் என்னிடம் இருந்த எல்பிகள் மொத்தமே ஒன்பது. அதில் ஒன்று ஐந்து பேர் வாசித்தது: டிரம்பெட், சாக்ஸஃபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ். (ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், 'அதெல்லாம் ஒரு ஆல்பமா' என்று கமெண்டில் பாதிப் பேர் கிளம்பி வருவீர்கள்.) இரண்டாம் பக்கம், இரண்டாவது பாட்டு. டிரம்பெட்காரர் தனியாக வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் ஒரு சின்னத் துணுக்கைப் பிடித்துக்கொள்வார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் அதையே ஊதிவிட்டுத்தான் நகர்வார். விட மனசில்லாத மனுஷன்! அந்த மூன்றாவது தரத்துக்காகவே ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் நான்கு தரம் ஊதுவது போலக்கூட இருக்கும். அது என் மனநிலை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த ஆல்பம் சிடியாக மறுவெளியீடு வந்தது. அசல் டேப்பிலிருந்து புதுப்பித்தது, கீறல் சத்தம் கிடையாது, கூடுதலாக மூன்று பாட்டு. வாங்கிய கையோடு எல்பியைப் பழைய தட்டுக் கடையில் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்து சிடியைப் போட்டால், டிரம்பெட்காரர் அந்தத் துணுக்கை ஒரே ஒரு தரம் ஊதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

ஸ்டூடியோவில் ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை வாசித்துப் பதிவு செய்வார்கள். ஒவ்வொன்றும் ஒரு டேக். பழைய தட்டில் இருந்தது ஒரு டேக், மறுவெளியீட்டுக்காரர்கள் போட்டது வேறு டேக். இதுதான் என் முடிவு. அன்றிலிருந்து அந்த ஒரு டேக்குக்காக நான்கு மறுவெளியீடுகள் வாங்கியிருக்கிறேன். கனமான தட்டில் வந்த அமெரிக்கப் பதிப்பு, ஜெர்மன் பதிப்பு, ஓரத்தில் காகிதப் பட்டை சுற்றிய ஜப்பான் பதிப்பு, இன்னொரு சிடி. எதிலும் அது இல்லை. இதே வலைப்பூவில் இதைப் பற்றி மூன்று பதிவுகள், நிறையக் கோபத்தோடு எழுதியிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஜாஸ் வாட்ஸாப் குழுவில் ஆம்பூர்க்காரர் ஒருவர் தன் அலமாரியைப் படம் எடுத்துப் போட்டார். யேசுபாதம் என்று பெயர், தோல் கம்பெனியில் வேலை. படத்தில் ஓர் அட்டையின் முதுகில் பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தது. சோற்றுப் பருக்கை தடவி நான் ஒட்டியதுதான் அது! தொலைந்த பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. போன் செய்தேன். "வாங்க சார், வந்து கேளுங்க. குடுக்கறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

சென்ட்ரலிலிருந்து காட்பாடி 130 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 85 ரூபாய், ஜன்னலோரம். தோளில் சதுரப் பை, அதற்குள் என் பழைய தட்டுக்கு ஈடாகக் கொடுக்க மூன்று மறுவெளியீடுகள். எட்டரைக்குக் காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் வேலூர். பஸ் முழுக்க கையில் ஸ்கேன் கவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். என் பையைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள், "பெரிய எக்ஸ்ரேவா சார்?" என்று கவலையாகக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி.

வேலூரில் இட்லி, வடை, காபி சேர்த்து 70 ரூபாய். 9.40-க்கு ஆம்பூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 45 ரூபாய். பள்ளிகொண்டா தாண்டினால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பாலாறு கூடவே வரும். மணல்தான், தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். இடது கைப் பக்கம் உட்காராதீர்கள், வெயில் கொளுத்துகிறது. நான் உட்கார்ந்தேன். பாதி வழி தட்டுகள் வளைந்துவிடுமே என்று பையை மடியில் வைத்து நிழல் காட்டிக்கொண்டே வந்தேன்.

ஆம்பூர் பஸ் நிலையத்தில் ஒரு ஆட்டோ.

"இன்னா சார், ஷூ கம்பெனிக்கா? இன்னிக்கு லீவாச்சே."

"இல்லைங்க, ஒரு வீட்டுக்கு. பாட்டு கேக்கப் போறேன்."

"பாட்டு கேக்கவா? மெட்ராஸ்லேர்ந்தா?" திரும்பி என்னை முழுசாக ஒரு தரம் பார்த்தார். "போன்லயே வருதே சார்."

என் மனைவி கேட்பதும் இதைத்தான். மூன்று கிலோமீட்டருக்கு 80 ரூபாய். வழியில் ஓரிடத்தில் தோல் பதனிடும் ஆலையின் காரமான வாடை மூக்கில் ஏறியது. "இங்க கொஞ்சம் ஜாஸ்தி சார், ஊருக்குள்ள கம்மிதான்" என்று அவரே சமாதானம் சொன்னார்.

யேசுபாதத்துக்கு ஐம்பத்தெட்டு வயது, என்னைவிட நான்கு வயது பெரியவர். கம்பெனியில் அவர் வேலை செலக்‌ஷன். முடித்து வந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, கீறல், பூச்சிக்கடி, தழும்பு பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது. அவருக்கு ஜாஸ் வந்த வழியும் கம்பெனிதான். இரண்டு வருஷம் தங்கி வேலை பார்த்த ஜெர்மன் டெக்னீஷியன் ஒருவர் ஊருக்குப் போகும்போது பிளேயரையும் இருபது தட்டுகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மீதியெல்லாம் இவராக மெட்ராஸ் கடைகளில் தேடி வாங்கியது.

அலமாரியில் எங்கே பார்த்தாலும் பதினாறு பேர், பதினெட்டு பேர் வாசிக்கும் பெரிய கோஷ்டிகள். "கூட்டமா வாசிக்கணும் சார். ஒருத்தரே அரை அவர் ஊதிக்கினு இருந்தா பேஜார்" என்றார். எனக்கு ஐந்து பேருக்கு மேல் போனால் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். டிரம்ஸ்காரர் தனியாக வாசிப்பது எங்கள் இருவருக்குமே ஆகாது. அந்த ஒரு விஷயத்தில் கை குலுக்கிக்கொண்டோம். மறுவெளியீட்டு சிடிக்களின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் '7 வரை', '8 வரை' என்று எழுதி வைத்திருக்கிறார். கூடுதல் பாட்டுகள் தொடங்கும் முன் நிறுத்திவிடுவாராம். "அவங்களே வேணாம்னு தள்னத நாம எதுக்கு சார் கேக்கணும்?" தள்ளிவிட்ட டேக்கைத் தேடியே பாதி ஆயுசைக் கழித்தவனிடம் இதைக் கேட்கிறார்.

என் பையிலிருந்தவற்றை எடுத்துக் காட்டினேன். வடக்கு ஜன்னலோரம் மேஜை. ஒவ்வொரு தட்டையும் விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அமெரிக்கப் பதிப்பு: "ரெண்டாவது செலக்‌ஷன்." ஜெர்மன் பதிப்பு: "மூணு. இத யாரோ துணியால தேச்சிருக்காங்க." யாரோ இல்லை, நான்தான். ஜப்பான் பதிப்பை நான் ஆறு வருஷமாகக் கையுறை போட்டுத் தொடுகிறேன். அதற்கும், "ரெண்டுக்குக் கொஞ்சம் மேல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. காரியம் ஆக வேண்டுமே.

பிறகு என் தட்டு வந்தது. அதே அட்டை, அதே பிரவுன் பேப்பர், மூலையில் என் டீக் கறை. இரண்டாம் பக்கத்தைப் போட்டார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் டிரம்பெட் வந்தது. அந்த இடம் வந்தது. ஒரு தரம் ஊதினார். போய்விட்டார்.

"நிறுத்துங்க" என்றேன். "இது என் தட்டு இல்லை."

"அட்டைய இப்பதானே பாத்தீங்க."

"அட்டை என்னோடது. உள்ள இருக்கறது வேற."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஊசியை எடுத்து மெதுவாக வைத்துவிட்டு, "தட்ட மாத்திட்டேன்னு சொல்றீங்களா சார்?" என்றார். குரல் ஏறவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் வீட்டு நாற்காலியில், அவர் வீட்டு மோரைக் குடித்துக்கொண்டு அவரைத் திருடன் என்கிறேன். மூன்று தரம் ஊத வேண்டும், ஒரு தரம்தான் ஊதுகிறது என்று என்னவோ உளறினேன்.

அவர் மனைவி எஸ்தர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஷூ கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசராக இருந்தவர். "மூணு தரம் வர்ற எடமா? பப்பா பாபபா, பப்பா பாபபா?" என்று கையில் இருந்த கரண்டியாலேயே தாளம் போட்டார்.

எழுந்து நின்றுவிட்டேன். "அதேதாம்மா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுலதான் வந்துச்சு. இவர்தான் ரிப்பேர் பண்ணிட்டாரு."

யேசுபாதம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, அதுவா! சார், அது பாட்டு இல்ல. அது கீறல்." தோல் பார்க்கும் லென்ஸை எடுத்து வந்து, தட்டை ஜன்னலில் சாய்த்துப் பிடித்து, என் கண்ணை லென்ஸில் வைக்கச் சொன்னார். கோடுகளுக்குக் குறுக்கே முடி போல ஒரு தழும்பு. "ஊசி இங்க வந்து ஒரு கோடு பின்னாடி குதிக்கும். தட்டு ஒரு சுத்து சுத்த ரெண்டு செகண்டுக்குக் கம்மி. இந்தப் பாட்டுல ஒன் டூ த்ரீ ஃபோர் எண்ணிப் பாருங்க, அதே டைம்தான். அதனால தாளம் உதைக்கல, உங்களுக்கும் தெரியல. ரெண்டு தரம் குதிச்சிட்டுத் தாண்டிப்புடும். சில நாள் மூணு தரம்."

சில நாள் நான்கு தரம் கேட்டதற்கு என் மனநிலை காரணமில்லை!

லென்ஸ் வைத்து, பல் குத்தும் குச்சியால் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கோட்டைச் சரி செய்தாராம். பத்து வருஷம் ஆகிறது. "டிஃபெக்ட்டு கண்ல பட்டா எனக்குக் கை சும்மா இருக்காது சார்" என்றார், குற்றவாளி மாதிரி. நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பால் வந்ததில்லை. பதினெட்டு வருஷமாக நான் தேடிய டேக்கை யாருமே வாசிக்கவில்லை. அந்த டிரம்பெட்காரர் விட மனசில்லாதவரும் இல்லை. விட மனசில்லாமல் இருந்தது நான் மட்டும்தான்.

திருடன் என்ற மாதிரிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்றவர், "வேணும்னா அதே எடத்துல பழையபடி கீறித் தர்றேன். எனக்கு எடம் தெரியும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. மேஜை டிராயரைத் திறந்து குண்டூசியே எடுத்துவிட்டார். முதல் தர செலக்‌ஷன் என்று அவரே சொல்லும் தட்டு அது. ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். வேண்டாம் என்றேன். இன்னொரு தரம் போடச் சொன்னேன், அவ்வளவுதான்.

போட்டார். எஸ்தரும் வாசலில் வந்து நின்றுகொண்டார். அந்த இடம் வந்து, டிரம்பெட் ஒரு தரம் ஊதிவிட்டு நகர்ந்தது. எஸ்தர் விடவில்லை, "பப்பா பாபபா" என்று இரண்டாவது தரம் பாடினார். நானும் சேர்ந்துகொண்டேன். மூன்றாவது தரத்துக்கு யேசுபாதமும் வந்துவிட்டார். நாங்கள் முடித்தபோது டிரம்பெட்காரர் இரண்டு சுற்று முன்னால் போயிருந்தார்.

"நல்லாதான் கீது இல்ல?" என்றார் யேசுபாதம்.

"அப்பவே சொன்னேன், இவர் கேட்டாதானே" என்றார் எஸ்தர்.

தட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி யேசுபாதம் என் பைக்குள்ளேயே வைத்துவிட்டார். கிளம்பும்போது எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். அவர் உழைத்துச் சரி செய்த தட்டு, அவரிடமே இருக்கட்டும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து ஆம்பூருக்கே நேராக ரயில் இருக்கிறது, என்னைப் போல வேலூர் சுற்ற வேண்டாம். பிரியாணி பதினொன்றரைக்குத் தயாராகிவிடும், இரண்டு மணிக்கு மேல் போனால் அடிச்சட்டிதான். கத்திரிக்காய் தொக்கை இரண்டாம் தரம் கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். தட்டு கொண்டு போகிறவர்கள் மதிய பஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். எனக்குத் திரும்பும் செலவும் சேர்த்து மொத்தம் 560 ரூபாய் ஆனது. புது மறுவெளியீடு வந்துவிட்டது என்று பழைய தட்டை விற்கும் முன், இரண்டையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வேறு டேக் என்று சண்டைக்குக் கிளம்பும் முன், தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். என் மூன்று பதிவுகளும் தப்பு. அவற்றை நம்பி ஜப்பான் பதிப்பு வாங்கியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நல்ல பதிப்புதான், வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன டேக் அதில் இல்லை, இனி வரப்போகும் எந்தப் பதிப்பிலும் இருக்காது. ஆம்பூரில் இரண்டு பேருக்கும் சென்னையில் ஒருவனுக்கும் அது மனப்பாடம்.