காலியாகத் திரும்பாத வண்டி

போன வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனது என் தோழி கவிதாவுக்காக. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, மடக்கி வைக்கக்கூடிய பெட்டிகள் செய்கிறாள். ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று, அட்டைப்பெட்டிக்குப் பதிலாக இவற்றில் சரக்கை இருங்காட்டுக்கோட்டைக்கு அனுப்பிப் பார்க்கிறது. காலிப் பெட்டிகள் அதே வண்டியில் திரும்ப வேண்டும். வருவதில்லை. அன்று மூன்று மணிக்குள் காரணம் சொல்லாவிட்டால் சோதனையை நிறுத்திவிடுவார்கள்.

பதினெட்டு வருடமாக ஒரு நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு அவளோடு சேரலாமா என்ற யோசனையில் எதிலும் மனம் நிற்பதில்லை. நானும் கிளம்பிவிட்டேன்.

பூந்தமல்லியில் 8.10க்குப் பேருந்து, 9.05க்கு ஸ்ரீபெரும்புதூர். பெட்டிகளில் ஒட்டிய இடங்காட்டும் கருவி, முப்பத்தாறு பெட்டிகள் அந்த வழியிலேயே இல்லாத சுங்குவார்சத்திரத்தில் இருப்பதாகக் காட்டியது. அங்கே அவற்றுக்கு என்ன வேலை? ஆட்டோவில் பன்னிரண்டு கிலோமீட்டர், 280 ரூபாய். வழியெல்லாம் கவிதா நகத்தைக் கடித்தாள்.

பெட்டிகள் ஒரு டீக்கடைச் சுவரோரம் கழுவிக் கவிழ்த்து, தார்ப்பாய் மூடி இருந்தன.

"இன்னாம்மா அப்டி பாக்குறே? திருட்டு கேஸா?" என்றார் கடைக்கார அம்மா. "குமாரு வண்டியில வந்து எறக்கிட்டுப் போறாரு. எண்ணெய்ப் பிசுக்கா கீதுன்னு கழுவி வெச்சேன். அதுக்கு மொறைக்கிறியே!"

10.40க்கு டிரைவர் குமாரே டீ குடிக்க வந்தார்.

"அண்ணே, வண்டி காலியாத்தானே திரும்புது?" என்றேன்.

"காலியாவா? எந்த ஓனரு வுடுவாரு? இங்க வேற லோடு ஏத்திகினுதான் ஒரகடம் போவேன். ஒங்க பெட்டிய எங்க வெக்கிறது, தலை மேலயா?"

"மடக்கினா இடம் அடைக்காதே!" என்றாள் கவிதா.

"பெட்டிக்கு நாலு கிளிப்பு. நீயே மடக்கிப் பாரு கண்ணு."

மடக்கினோம். இருவரும் சேர்ந்து ஐம்பது நிமிடம். எனக்கு இரண்டு நகம் போயிற்று. 'காலியாகத் திரும்பும் லாரியில்' என்ற வாக்கியம் கவிதாவின் திட்டத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதித் தந்தவள் நான். இந்தச் சாலையை ஒருமுறைகூடப் பார்க்காமல்.

மூன்று மணிக்கு ஒரகடத்தில் கவிதா எதையும் மறைக்கவில்லை. இனி டீக்கடையிலேயே ஆள் வைத்து மடக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து வருவதாகச் சொன்னாள்.

"டீக்கடையை நம்பியாம்மா?" என்றார் மேலாளர்.

"இதுவரைக்கும் எங்க பெட்டியைக் கழுவி வெச்சது அவங்க மட்டும்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கொடுத்தார்.

இதுபோன்ற புது முயற்சிகளைப் பார்க்கப் போகிறவர்கள் தொழிற்சாலை வாசலில் தொடங்காதீர்கள். பத்தரை வாக்கில் லாரிகள் நிற்கும் டீக்கடைக்குப் போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு.

திரும்பும்போது பேருந்தில், போனில் எழுதி வைத்திருக்கும் என் ராஜினாமாக் கடிதத்தை மறுபடி படித்தேன். அனுப்பவில்லை, அழிக்கவுமில்லை. சனிக்கிழமை பெட்டி மடக்க வருவதாக மட்டும் கவிதாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மீதி நகங்களை வெட்டிவிட வேண்டும்.